எச்சில் குப்பியும் எண்ணெய்க் கிண்ணமும்: பெங்களூருவில் ஒரு மரபணு உணவுப் பரிசோதனை

அல்சூரில் ஒரே வீட்டில் வசிக்கும் அக்காவும் நானும், உடல் பருமன் அபாயத்தை மரபணுவிலிருந்து கணித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்திடம் பரிசோதனை செய்துகொண்டோம். எச்சில் குப்பி வீட்டுக்கு வந்தது. கூரியர்காரர் வந்து எடுத்துச் சென்றார். சொன்ன காலத்துக்குள் அறிக்கையும் வந்துசேர்ந்தது. இந்த ஏற்பாடுகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. நான் எழுத விரும்புவது அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த தீர்ப்பைப் பற்றித்தான். எனக்கு ஏற்றது கொழுப்புக் குறைந்த உணவு என்றும், அக்காவுக்கு ஏற்றது மாவுச்சத்துக் குறைந்த உணவு என்றும் அது உறுதியாகச் சொல்கிறது. அந்த உறுதிக்கு இன்றைய அறிவியலில் இடம் இல்லை என்பது என் மதிப்பீடு.

உடல் எடையோடு தொடர்புள்ள எஃப்டிஓ மரபணுவைப் பற்றிய பகுதியை மட்டும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பியர்களிடம் நடந்து 2007இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இந்த மரபணுவின் குறிப்பிட்ட மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், ஒருவரிடமிருந்தும் பெறாதவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 3 கிலோ கூடுதல் எடையுடன் இருந்தார்கள். உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த விளைவு குறைந்துவிடுகிறது என்பதையும் அறிக்கை மறைக்காமல் சொல்கிறது.

ஏபிஓஏ2 என்ற மரபணுவுக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. உணவுக் கொழுப்பும் மரபணுவும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. அமெரிக்காவின் மூன்று மக்கள் குழுக்களில் செய்து 2009இல் வெளியான ஆய்வு, இம்மரபணுவின் ‘சிசி’ வகை (தாய், தந்தை இருவரிடமிருந்தும் ‘சி’ மாற்றத்தைப் பெற்ற வகை) உள்ளவர்கள் நாளொன்றுக்கு 22 கிராமோ அதற்கு மேலோ நிறைவுற்ற கொழுப்பு உண்டால், அதே அளவு உண்ணும் மற்றவர்களைவிட அவர்களின் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு) சுமார் 6 விழுக்காடு அதிகமாக இருப்பதைக் காட்டியது. அந்த அளவுக்குக் கீழே உண்டவர்களிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை. அதாவது, மரபணு தனியாக எதையும் செய்துவிடவில்லை. தட்டில் விழும் கொழுப்பின் அளவு ஓர் எல்லையைத் தாண்டும்போதே அதன் விளைவு வெளிப்படுகிறது. மேலும், அந்த ‘சி’ மாற்றத்தின் இரண்டு பிரதிகளும் இருந்தால்தான் இது நிகழ்ந்தது. என்னிடம் இருப்பது ஒரு பிரதி மட்டுமே. அதுவும் அறிக்கையிலேயே அச்சாகியிருக்கிறது. ஆயினும் எனக்கு ‘நடுத்தர அபாயம்’ என்று மஞ்சள் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். கவலைப்பட வைக்கும் ஒரு முடிவை ஆதாரமின்றி ஒருவர் கையில் கொடுப்பது சிறிய பிழை அல்ல.

அந்த 22 கிராமை நம் அடுக்களை அளவில் சொல்லியிருந்தாலாவது பயன் இருந்திருக்கும். ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் 11 அல்லது 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. நெய்யில் சுமார் 8 கிராம். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் சுமார் 2 கிராம். காலையில் தர்ஷினி எனப்படும் பெங்களூருவின் சிற்றுண்டிக் கடையில் ஒரு வெண்ணெய் தோசையும், மதியம் தேங்காய் அரைத்துவிட்ட குழம்பும் உண்பவர் அந்த எல்லையை மாலைக்குள் எளிதாக நெருங்கிவிடுவார். ஆனால் நிறுவனம் அனுப்பிய கேள்விப் படிவத்தில் ஆலிவ் எண்ணெயும் சீஸும் இருந்தன. நல்லெண்ணெயோ தேங்காய்ச் சட்னியோ இல்லை. ஒருவர் என்ன கொழுப்பை எவ்வளவு உண்கிறார் என்பதை அறியாமல், மரபணுவுக்கும் கொழுப்புக்கும் உள்ள உறவைப் பற்றி அவருக்கு அறிவுரை சொல்ல முடியாது.

பொரித்த உணவுக்கும் இதே போன்ற ஆதாரம் உண்டு. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 32 மரபணு மாற்றங்களைக் கூட்டிக் கணக்கிட்டது. வாரம் நான்கு முறைக்குக் குறையாமல் பொரித்ததை உண்ட பெண்களுக்கும் எப்போதாவது உண்டவர்களுக்கும் இடையே, மரபணு அபாயம் மிகுந்த பிரிவில் பிஎம்ஐ வேறுபாடு 1.0 ஆகவும், குறைந்த பிரிவில் 0.5 ஆகவும் இருந்தது. குறைந்த அபாயப் பிரிவிலும் வேறுபாடு மறையவில்லை என்பதை அக்காவைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டும். ‘கொழுப்பு உங்களைப் பெரிதும் பாதிக்காது’ என்ற அவளது அறிக்கையின் வரி, தினமும் போண்டா உண்ண அனுமதிச் சீட்டு அல்ல.

உணவைத் தேர்ந்தெடுக்க மரபணு உதவுமா என்ற கேள்விக்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நேரடியாகவே விடை தேடியது. 609 பேரைக் கொழுப்புக் குறைந்த உணவு, மாவுச்சத்துக் குறைந்த உணவு என இரண்டாகப் பிரித்து 12 மாதம் கண்காணித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் குழு சராசரியாக 5.3 கிலோவும், இரண்டாம் குழு 6.0 கிலோவும் இளைத்தன. இந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கது அல்ல. மரபணு வகைக்குப் பொருந்திய உணவு கிடைத்தவர்கள் கூடுதலாக இளைக்கவும் இல்லை. அந்த ஆய்வு பயன்படுத்திய பிபிஏஆர்ஜி, ஏடிஆர்பி2, எஃப்ஏபிபி2 என்ற அதே மூன்று மரபணுக்களை வைத்துத்தான் எங்கள் இருவருக்கும் வெவ்வேறு உணவை விதித்திருக்கிறார்கள். இந்த ஆய்வைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. என்னால் ஏற்க முடியாத குறை இதுவே.

நம்மவர்களுக்கு இன்னொரு கோணமும் உண்டு. சென்னையில் நடந்த ஆய்வு எஃப்டிஓவின் விளைவு மாவுச்சத்தின் அளவோடு சேர்ந்து மாறுவதாகக் காட்டியிருக்கிறது. தட்டில் சோறு மிகுந்திருக்கும் வீடுகளில் எண்ணெயை மட்டும் குறைத்து, அந்த இடத்தையும் சோற்றால் நிரப்பினால் என்ன பயன்? தொலைபேசியில் பேசிய ஆலோசகர் இதை ஒப்புக்கொண்டார். தமிழிலேயே பொறுமையாகப் பேசிய அவருக்கு என் நன்றி உரியது. அறிக்கையைவிட அவருடைய அரை மணி நேரம் பயனுள்ளதாக இருந்தது.

தம் மரபணுக்களை அறியும் ஆர்வத்துக்காக மட்டும் வாங்குபவர்களுக்கு இச்சேவை ஏமாற்றம் தராது. எந்த உணவை உண்பது என்று முடிவெடுப்பதற்காக வாங்க நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் அந்தப் பணத்தில் இரத்தக் கொழுப்பும் சர்க்கரையும் பரிசோதித்து, இடுப்பளவையும் பார்த்துக்கொண்டு, ஓர் உணவியல் நிபுணரைச் சந்திக்கலாம். மிக இளம் வயதிலேயே அடங்காத பசியோடு கடுமையாக எடை கூடும் குழந்தைகளின் நிலை வேறு. அங்கே பசியைக் கட்டுப்படுத்தும் எம்சி4ஆர் போன்ற ஒரே மரபணுவில் கோளாறு இருக்கக்கூடும் என்பதால், அவர்களுக்குத் தேவை மரபியல் மருத்துவர் எழுதித் தரும் பரிசோதனையே.