ஃபெதரிங் ப்ரொப்பெல்லர் மாட்டி மூன்று வருடம்

ஏற்காடு ஏரியில் படகு ஓடிக்கொண்டிருக்கும்போது துடுப்பை அகலவாக்கில் தண்ணீருக்குள் பிடித்துப் பாருங்கள், படகை யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். அதையே கத்தி மாதிரித் திருப்பிப் பிடித்தால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடும். பாய்மரப் படகின் அடியில் இருக்கும் ஃபெதரிங் ப்ரொப்பெல்லர் செய்வது இதைத்தான்: இன்ஜின் நின்றதும் பிளேடுகள் தண்ணீர் ஓட்டத்தோடு ஒட்டித் திரும்பிக்கொள்கின்றன.

நாங்கள் மூன்று பேர் கூட்டாக வைத்திருக்கும் 34 அடிப் பாய்மரப் படகு கொச்சியில் நிற்கிறது. நான் மட்டும் சேலம், நடுராத்திரி ஜங்ஷனில் ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். முன்பு இருந்தது திரும்பாத மூன்று பிளேடு. மெல்லிய காற்றில் 3 நாட் (மணிக்குச் சுமார் 5.5 கி.மீ.) வேகத்தைத் தாண்டாமல் பொறுமை போய் இன்ஜினைப் போட்டுவிடுவோம். இப்போது அதே காற்றில் அரை நாட் அளவுக்கு மேல் கூடுதலாக ஓடுகிறது, இன்ஜின் ஓடும் நேரம் நன்றாகவே குறைந்துவிட்டது.

இன்ஜின் நின்றதும் பிளேடுகள் பின்பக்கமாக மடங்கிக்கொள்ளும் இன்னொரு வகை (ஃபோல்டிங்) விலை குறைவு, இழுவையும் குறைவு. ஆனால் ரிவர்ஸில் அதன் பிளேடுகளைத் தண்ணீர் மூடப் பார்க்கும், சுழற்சி வேகம்தான் விரித்துப் பிடிக்க வேண்டும். ஃபெதரிங்கில் பிளேடே புரண்டு கொடுப்பதால் ரிவர்ஸிலும் முன்விளிம்புதான் தண்ணீரை வெட்டுகிறது. நீரோட்டம் இழுக்கும்போது படகைச் சட்டென்று நிறுத்த முடிகிறதே, எனக்கு வேகத்தைவிட அதுதான் பெரிது.

மாட்டுவதில் அவசரம் வேண்டாம். ஷாஃப்டையும் (ப்ரொப்பெல்லரைச் சுற்றும் தண்டு) ஹப்பையும் (ப்ரொப்பெல்லரின் நடுப்பகுதி) சேலத்துக்கே கொண்டுவந்து, தெரிந்த லேத் பட்டறையில் ப்ளூ (எங்கே தொடுகிறது என்று காட்டும் நீல மை) தடவிப் பொருத்திப் பார்த்தோம். “கீ உசரமா இருக்குதுங்க, ஹப்பு அது மேல உட்காருது, டேப்பர் பிடிக்கல” என்றார் மாஸ்டர். கீ என்பது இரண்டும் சேர்ந்து சுற்ற இடையில் செருகும் உலோகத் துண்டு, டேப்பர் என்பது ஷாஃப்டின் கூம்பு முனை. கீயைக் கொஞ்சம் இழைத்த பிறகுதான் ப்ளூ முழுக்கப் படிந்தது. அப்புறம் பிட்ச், அதாவது பிளேடின் சாய்வு. நிமிடத்துக்கு 3600 சுற்று போக வேண்டிய இன்ஜின் 3100-லேயே திணறியது, பிட்ச் கோணத்தை 2 டிகிரி குறைத்ததும் 3400 வந்தது.

பழக வேண்டிய ஒரு விஷயம்: படகு 2, 3 நாட் வேகத்தில் போகும்போது முன் கியரிலேயே இன்ஜினை நிறுத்த வேண்டும். நியூட்ரலுக்குப் போய்விட்டு நிறுத்தினால் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், பிளேடு திரும்பாது. எங்களுடையது மெக்கானிக்கல் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் என்றால் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்த பிரேக்கும் தேவைப்படலாம்.

இரண்டாம் வருடம் என் வேலை நெருக்கடியில் கிரீஸ் அடிப்பதைத் தள்ளிப்போட்டேன். ஒரு பிளேடு இறுகிவிட்டது, படகே அதிர்ந்தது. கரையேற்றிப் பார்த்தால் உள்ளே பழைய கிரீஸ் கழுவிப்போய், பிளேடின் அடியில் கொட்டலசு ஒட்டியிருந்தது. இப்போது வருடம் ஒருமுறை கிரீஸ், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டைவர் சுத்தம், ஜிங்க் (ப்ரொப்பெல்லர் அரிக்காமல் அதற்குப் பதில் தான் கரையும் துத்தநாகத் துண்டு) பாதி கரைந்ததுமே மாற்றம். விலையோ பழைய வகையைப் போலப் பல மடங்கு. மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் படகைக் கட்டிப்போடுபவர் என்றால் பழைய மூன்று பிளேடையே வைத்திருங்கள்.