எட்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டியும் திருட்டுப் பிரதி ஏன் கண்முன் நிற்கிறது?

2017ஆம் ஆண்டு முதல் ஓடிடி சேவைகளுக்குச் சந்தா கட்டிப் படம் பார்த்து வருகிறேன். அதற்கு முன்பு எங்கள் வீட்டில் பர்மா பஜார் திருட்டு விசிடியும், பின்னர் இணையத்தில் கோப்புகளைப் பகிரும் டொரண்ட்டும்தான் வழக்கம். உழைத்தவர்களுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்று எண்ணி அவற்றைக் கைவிட்டேன். அந்த முடிவில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் நன்றாகச் சம்பாதிக்கும் நண்பர்களே மறுபடியும் திருட்டுத் தளங்களுக்குப் போவதைப் பார்க்கும்போது, விலையை மட்டும் காரணமாகச் சொல்ல இயலவில்லை.

விலை குறைந்துதான் இருக்கிறது. 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 500 ரூபாயில் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், 2021 டிசம்பரில் கைபேசித் திட்டத்தை 149 ரூபாயாக்கியது. எனினும் ஒளிபரப்பு உரிமை படத்துக்குப் படம் வெவ்வேறு நிறுவனங்களிடம் இருப்பதால், ஒரு வீட்டுக்கு ஒரு சந்தா போதுவதில்லை.

பணம் கட்டிய பிறகும் படம் நம் கையில் நிலைப்பதில்லை என்பதே என்னை மிகவும் வருத்தியது. என் தந்தை ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பாதிவரை பார்த்துவிட்டு, மிச்சத்தை மறுநாள் பார்க்கலாம் என்று வைத்திருந்தார். மறுநாள் அந்தப் படம் அச்சேவையில் இல்லை. உரிமைக் காலம் முடிந்துவிட்டதாம். முன்னறிவிப்பு எதுவும் வரவில்லை. வேறு எந்தச் சேவையிலும் தேடிக் கிடைக்காத அப்படத்தை என் தம்பி எங்கிருந்தோ பென்டிரைவில் கொண்டுவந்தான், தந்தை பார்த்து முடித்தார். அன்று தம்பியைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை.

படத்தின் தெளிவிலும் இதே கதைதான். திருட்டைத் தடுக்கப் பல சேவைகள் பயன்படுத்தும் வைட்வைன் என்னும் பூட்டில் எல்1 (உயர்ந்தது), எல்3 (தாழ்ந்தது) என்று பாதுகாப்புப் படிநிலைகள் உண்டு; எல்3 மட்டுமே உள்ள கருவிகளுக்கு உயர்தெளிவுப் படம் பெரும்பாலும் தரப்படுவதில்லை. என் பழைய கைபேசி அவ்வகையைச் சேர்ந்தது என்பதால், முழுச் சந்தா கட்டியும் மங்கலான படத்தையே பல மாதங்கள் பார்த்தேன். பூட்டே இல்லாத திருட்டுப் பிரதி எந்தக் கருவியிலும் தெளிவாக ஓடுகிறது. நேர்மையாகப் பணம் கட்டியவருக்கு மட்டும் தடை வைக்கும் ஏற்பாடு நியாயமாகாது.

2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வோருக்கும் பரப்புவோருக்கும் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அது தேவையான சட்டமே. ஆயினும் நான் எம்பி3 பாடல்களைத் தரவிறக்குவதை நிறுத்தியது சட்டத்துக்கு அஞ்சியன்று. நான் கேட்க விரும்பும் பாடல்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே செயலியில், எந்தக் கைபேசியிலும் கிடைக்கத் தொடங்கியதால்தான். படங்களுக்கு அந்த நிலை இன்னும் வரவில்லை. இப்போது இரண்டு சந்தாக்களை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்றாவதைத் தேவைப்படும் மாதத்தில் மட்டும் கட்டுகிறேன். தந்தை கேட்கும் பழைய படங்களில் பாதிக்கு மேல் இம்மூன்றிலும் கிடைப்பதில்லை.