குன்னூர் பழைய சாமான் கடை: பொருளோடு நோட்டையும் கேட்டு வாங்குங்கள்

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மவுண்ட் ரோடு ஏறி பெட்ஃபோர்ட் போகும் வழியில், ஒரு தையல் கடைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் கவிழ்த்து வைத்த செப்பு அண்டாதான் அடையாளம். சந்து முனை டீக்கடையில் கேட்டால் கை காட்டுவார்கள்.

நீலகிரியில் இந்த மாதிரிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பல இடங்களில் பொருளைவிடக் கதைக்குத்தான் விலை. துருப்பிடித்த கொக்கியைக் கையில் எடுத்தாலே போதும், "துரை பங்களாவுல இருந்தது சார்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எந்தத் துரை, எந்த பங்களா என்று கேட்டுப் பாருங்கள், விலை தானாக இறங்கும். இந்தக் கடைக்காரத் தம்பிக்கு அந்தப் பழக்கம் இல்லை. தெரியாததைக் கேட்டால் "தெரியலீங்ணா, நீங்களே பாருங்க" என்று கையில் கொடுப்பார். கூடவே ஒரு நீளக் கணக்கு நோட்டை நம் பக்கம் நகர்த்துவார். இதை நான் எழுத உட்கார்ந்ததே அந்த நோட்டுக்காகத்தான்.

தோட்டத்து பங்களாக்களைக் காலி செய்யும்போதும் பழைய வீடுகளை இடிக்கும்போதும் சாமான் மூட்டை மூட்டையாக வரும். வந்த அன்றே பித்தளை, மரம், பீங்கான் என்று பிரித்துப் போடுவதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். தம்பி அப்படிச் செய்வதில்லை. எந்தப் பெட்டியில் எதெல்லாம் சேர்ந்து வந்தது என்று முதலில் எழுதிக்கொள்கிறார். அதே எண்ணைச் சீட்டில் எழுதிப் பொருளில் நூலால் கட்டிவிடுகிறார். வீட்டுப் பெயர் எழுத மாட்டார், விற்றவர்களுக்குச் சங்கடமாம். சமையலறை அலமாரி, துணி டிரங்குப் பெட்டி, வண்டிக் கொட்டகை என்று இடம் மட்டும் இருக்கும்.

நான் வாங்கியது ஒரு மர இடுக்கி. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. நுனி நோக்கிச் சிறுத்துப் போகும் இரண்டு அலகு, நடுவில் ஒரு பித்தளை ஆணி, பிடிகளுக்கு இடையே ஒரு சின்ன ஸ்பிரிங். எழுத்தோ முத்திரையோ எதுவும் இல்லை. முன்பு பார்த்துவிட்டுப் போனவர்கள் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள்: சர்க்கரைக் கட்டி எடுப்பது, முடி சுருட்டுவது, ஊறுகாய் எடுப்பது. ஒருவர் பாக்குவெட்டி என்றே அடித்துச் சொன்னாராம். வெட்டுவதற்கு அதில் கூர் எங்கே இருக்கிறது!

நான் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கையில் வாங்கியதும் எனக்கு உறுத்தியது அது வேலை செய்யும் திசை. பிடியை அழுத்தினால் அலகு மூடவில்லை, விரிந்தது. தண்டின் மேல் மாட்டியிருக்கும் சர்க்லிப் என்ற பூட்டு வளையத்தைக் கழற்றுகிற பிளையர் இப்படித்தான். அழுத்தினால் நுனி விரியும், வளையம் அகலும், உருவிக்கொண்டு வந்துவிடும். ஆக, இது எதையும் பிடித்துத் தூக்குகிற சாமான் அல்ல. எதற்குள்ளேயோ நுழைந்து, உள்ளிருந்து வெளியே தள்ளுகிற சாமான். அந்த ஒரு விஷயத்திலேயே சர்க்கரைக் கட்டியும் ஊறுகாயும் அடிபட்டுப் போயின. முடி சுருட்டச் சூடு வேண்டும். இதில் தீய்ந்த தடம் துளிகூட இல்லை.

அப்புறம் தேய்மானம். அலகுகள் ஒன்றையொன்று பார்க்கும் உள்பக்கத்தில் உளித்தடம் அப்படியே இருந்தது. வெளிப்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்து நிறம் மாறியிருந்தது. உலோகத்தையோ மரத்தையோ விரித்திருந்தால் நுனியில் பள்ளம் விழுந்திருக்கும், அதுவும் இல்லை. அப்படியென்றால் துணி, இல்லாவிட்டால் தோல். மூடிய நிலையில் அலகு என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை.

இவ்வளவு ஆன பிறகு நோட்டைத் திருப்பினோம். துணி டிரங்குப் பெட்டி என்ற தலைப்பில் இடுக்கியோடு இன்னும் இரண்டு வரி இருந்தது. ஒன்று, மூடியில் ஓட்டை போட்ட மரக்குப்பி. இன்னொன்று, எலும்புப் பிடி போட்ட இரும்புக் கொக்கி. குப்பி அலமாரியிலேயே இருந்தது. ஓட்டைகளில் அடைத்திருந்த வெள்ளைப் பொடியை விரலால் தேய்த்தேன், வழுக்கியது. சுண்ணாம்பு இல்லை, முகத்துக்குப் போடும் டால்க் ஜாதி. நோட்டில் கொக்கி வரியின் மேல் கோடு அடித்திருந்தது. யாரோ சாவி மாட்ட வாங்கிப் போய்விட்டாராம்!

கொக்கி, பொடிக்குப்பி, விரிகிற இடுக்கி மூன்றும் ஒரே பெட்டியில் வந்தால் விஷயம் முடிந்தது. கையுறை. வெள்ளைக்காரச் சீமாட்டிகள் ஆட்டுக்குட்டித் தோலில் கையுறை போட்ட காலம் அது. கையோடு ஒட்டி, இறுக்கமாக இருந்தால்தான் அழகு. துவைத்துக் காயவைத்தாலோ ஈரம் பட்டாலோ அந்த மெல்லிய தோல் சுருங்கி, விரல்கள் ஒட்டிக்கொள்ளும். இடுக்கியை ஒவ்வொரு விரலுக்குள்ளும் விட்டு அழுத்தி விரிப்பார்கள். கை வழுக்கிக்கொண்டு போக உள்ளே பொடி தூவுவார்கள். மணிக்கட்டுப் பொத்தான்களைத் துளை வழியாக இழுத்துப் போடுவதற்குக் கொக்கி. அதையே காலணிப் பொத்தானுக்கும் பயன்படுத்துவதுண்டு. மழைக்காலக் குன்னூரில் பெட்டிக்குள் இருக்கும் செருப்பே பூசணம் பூக்கும், கையுறை எம்மாத்திரம்.

வீட்டுக்கு வந்து சோதித்தும் பார்த்தேன். மகன் பைக் ஓட்டப் போடும் தோல் கையுறை மழையில் நனைந்து விறைத்துக் கிடந்தது. சுண்டுவிரலில் நுழைத்து மெல்ல அழுத்தினேன். ஒட்டிக் கிடந்த விரல் திறந்துகொண்டது. "பழைய சாமானைப் போய் இதுக்கு வச்சுக்கறீங்களே" என்றாள் மனைவி. அதைச் செய்ததே இதற்குத்தானே!

இதே கடையில் தோல் ஒட்டிய ஒரு நீளப் பலகையும் பார்த்தேன். சவரக் கத்தி தீட்டுவது என்று சீட்டில் இருந்தது. நோட்டிலோ சமையலறை அலமாரி. தோலைத் தடவினால் நறநறவென்று பொடி. சவரக் கத்தியை அதில் இழுத்தால் கூர் அன்றே போய்விடும். அது சாப்பாட்டு மேஜைக் கத்தி துலக்கும் பலகை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-இல் துருப்பிடிக்காத எஃகை உருவாக்கும் வரை மேஜைக் கத்தியெல்லாம் சாதாரண எஃகுதான். எலுமிச்சையோ வினிகரோ பட்டால் கறுக்கும், பனிமூட்டத்தில் சும்மா வைத்தாலே துரு ஏறும். எமரி என்ற கரகரப்பான கல்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் சொன்னதும் தம்பி சீட்டை அவிழ்த்துவிட்டார். விலையை மட்டும் மாற்றவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்து வந்ததை எழுதி வைக்கிறவர், விற்கும்போது பிரித்து விற்கிறார். கொக்கி போனது அப்படித்தான். இடுக்கிக்கு 700 ரூபாய், குப்பிக்கு 500 கேட்டார். பேசி இரண்டையும் 1,000-க்கு வாங்கினேன். மரச் சாமானுக்கு இது கொஞ்சம் கூடத்தான். பித்தளை எது வந்தாலும் புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று ஆக்கிவிடுகிறார். அது எனக்குப் பெரிய வருத்தம். கறையும் தேய்மானமும் போய்விட்டால் அப்புறம் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? துலக்காமல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் கேட்கிறார்.

தந்தச் சாமான் கேட்காதீர்கள், வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்த வியாபாரம் குற்றம். வேறு எங்காவது எலும்புப் பிடி என்று சொல்லி எதையாவது நீட்டினால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எலும்பில் மெல்லிய கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். தந்தத்தில் அவை இருக்காது, வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் வரிகள் இருக்கும்.

கடைக்குள் ஒரே பல்புதான், டார்ச் கொண்டு போவது நல்லது. சந்தில் கார் நுழையாது. மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும் சமயத்தில் போனால் கூட்டத்தில் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. எது வாங்கினாலும் நோட்டில் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் தடுப்பதில்லை.

கையுறை விஷயத்தை நோட்டிலேயே எழுதிவிடச் சொன்னேன். "இன்னொருத்தரும் இதையே சொல்லட்டுங்ணா, அப்புறம் பேனாவுல எழுதறேன்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலில் எழுதி வைத்தார்.