குழந்தையோடு சிங்கப்பூர்: தங்குவதற்கு எந்தப் பேட்டை?

சிங்கப்பூரில் விடுதி தேடுகிறவர்கள் விலையையும் நீச்சல் குளத்துப் படத்தையும் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். கூட நான்கைந்து வயதுப் பிள்ளை வருகிறது என்றால் பார்க்க வேண்டியவை வேறு. ரயில் நிலையம் எவ்வளவு பக்கம், அறைக்குச் சன்னல் உண்டா, மூன்றாவது ஆள் அந்த அறையில் படுக்கலாமா. இந்தக் கணக்கில் முதலிடம் ஃபேரர் பார்க்குக்குத்தான். முஸ்தபா என்ற பெரிய கடைக்குப் போகிறவர்கள் இறங்கும் நிலையம் அது. லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையிலிருந்து சிராங்கூன் ரோட்டிலேயே நடந்தால் மறுமுனையில் வரும்.

நிலையத்திலிருந்து சிட்டி ஸ்குவேர் பேரங்காடிக்குத் தரைக்கு அடியிலேயே வழி இருக்கிறது. சாயங்காலம் திடீரென்று மழை கொட்டும் ஊரில் இது பெரிய வசதி. சாப்பாட்டுக் கூடம் உள்ளேயே உண்டு, ஒட்டினாற்போல் ஒரு பூங்காவும் உண்டு. காலை எட்டு மணிக்கு இட்லி கேட்டு அடம்பிடிக்கிற பிள்ளைக்கு சிராங்கூன் ரோட்டில் 1947 முதல் நடக்கிற கோமள விலாஸ் இருக்கிறது. அறை வாடகையோடு காலைச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது இந்தப் பேட்டையில் வீண்.

ஃபேரர் பார்க்கிலிருந்து ஊதா நிற ரயிலில் ஆறாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரன்ட். அங்கே விவோசிட்டி பேரங்காடியின் மூன்றாம் தளத்தில் செந்தோசாத் தீவுக்குப் போகும் ரயில் ஏறலாம். உள்ளே போகத்தான் கட்டணம், திரும்பி வர இல்லை. இவ்வளவு எளிதாகப் போய்வர முடியும்போது செந்தோசாத் தீவிலேயே அறை எடுப்பது, அங்குள்ள விளையாட்டுப் பூங்காக்களில் இரண்டு முழு நாள் செலவிடுகிறவர்களுக்கு மட்டும் சரி. மண்டாய் மிருகக்காட்சிசாலைக்கு டோபி காட் நிலையத்தில் சிவப்பு ரயிலுக்கு மாறி, காத்திப்பில் இறங்கி, அங்கிருந்து அதற்கென்றே ஓடும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். நகரின் மையத்தில் எங்கே தங்கினாலும் அது தூரம்தான். ஒரு பக்கத்துக்கே ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஃபேரர் பார்க்கிலிருந்து ஒரு நிறுத்தம் தள்ளி லிட்டில் இந்தியா நிலையம். ஊதா ரயிலோடு நீல ரயிலும் நிற்பதால் போக்குவரத்தில் இது ஒரு படி மேல். மாறாமலே நான்கு நிறுத்தத்தில் பேஃபிரன்ட், அதாவது கரையோரப் பூந்தோட்டங்கள். எதிர்த்திசையில் மூன்று நிறுத்தத்தில் தாவரவியல் தோட்டம். கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையும் பக்கத்திலேயே. குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் ஏறினால் இதன் அருமை தெரியும்.

அப்படியிருந்தும் இதை இரண்டாவதாக வைக்கக் காரணம் தெரு. சிராங்கூன் ரோட்டின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் ஒரே மட்டத்தில் இருக்காது. நாலடிக்கு ஒரு படி, நடுவே காய்கறிப் பெட்டி, பூக்கடை. தள்ளுவண்டியைத் தூக்கித் தூக்கியே கை ஓய்ந்துவிடும். ஞாயிறு மாலை தேக்காவைச் சுற்றித் தோளோடு தோள் உரசும் கூட்டம். தொழிலாளர்களுக்கு விடுமுறை அன்றுதான். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எல்லா நாளும் ஞாயிறுதான்.

அதே கடைவீடுகளைத்தான் பல சிறு விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். குறுகலாக, நீளமாக, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் கட்டடம் அது. வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டும் வரும். நடுவில் விழுகிற அறைகளுக்குச் சன்னலே கிடையாது. படத்தில் திரைச்சீலை தொங்கும், விலக்கினால் சுவர். ‘சுப்பீரியர்’, ‘டீலக்ஸ்’ என்ற பெயர்களை நம்பாதீர்கள். அறை விவரத்தில் ‘சன்னல் உண்டு’ என்று எழுதியிருந்தால்தான் உண்டு. மதியம் தூங்கி எழுந்த பிள்ளைக்கு இரவா பகலா என்று தெரியாமல் போனால் அன்றைய ராத்திரித் தூக்கமும் போச்சு. மின்தூக்கி இல்லாத கடைவீடுகளும் உண்டு. மூன்றாம் மாடி அறை, செங்குத்தான படி, இரண்டு பெட்டி, தூங்கிப்போன குழந்தை: கற்பனை செய்துகொண்டு முடிவெடுங்கள்.

அளவையும் பாருங்கள். 10 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 108 சதுர அடி. பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க வழி இருக்காது. மூன்று பேருக்கு 18 சதுர மீட்டருக்குக் குறையாமல் தேடுங்கள். தேடும்போதே பிள்ளையின் வயதைக் குறிப்பிட வேண்டும். இருவர் என்று பதிவுசெய்துவிட்டு வரவேற்பறையில் பிள்ளையைக் காட்டினால் கூடுதல் கட்டணமோ பெரிய அறைக்கு மாற்றமோ கேட்பார்கள். ‘குழந்தைக்கு இலவசம்’ என்பது பெரும்பாலும் இருக்கிற கட்டிலிலேயே படுத்தால் மட்டும்தான். தனிப் படுக்கைக்குத் தனிக் காசு.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அது முழு விலை அல்ல. முதலில் 10 சதவீதச் சேவைக் கட்டணம், அந்தத் தொகையின் மேல் 9 சதவீத வரி. 150 வெள்ளி என்று போட்டிருந்தால் கையை விட்டுப் போவது 179.85 வெள்ளி. டாலரைத்தான் அங்கே வெள்ளி என்கிறார்கள்.

சமையலறையோடு வீடு கிடைத்தால் கஞ்சி வைக்கலாமே என்று நினைப்பவர்களுக்கு: தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சிங்கப்பூரில் சட்டவிரோதம். அரசு கட்டிய வீவக அடுக்குமாடி வீடுகளுக்கு ஆறு மாதம். இணையத்தில் இரண்டு நாளைக்கு யாராவது வீடு தருகிறார் என்றால் விலகிவிடுங்கள். சமையல் வசதியோடு சேவைக் குடியிருப்புகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் குறைந்தது ஏழு நாள் என்ற விதி உண்டு, விடுதி உரிமமும் வைத்திருப்பவை மட்டும் ஓரிரவுக்கும் தரும்.

மற்ற இடங்களில் பூகிஸ் நல்ல மாற்று. பச்சை, நீலம் இரண்டு ரயிலும் நிற்கும், நடைபாதை அகலம், அறைகளும் சற்றுப் பெரியவை. சைவச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் லிட்டில் இந்தியா பக்கம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். மரினா பேயில் காட்சிக்காகப் பணம் கொடுக்கிறோம், பிள்ளை எட்டு மணிக்குத் தூங்கிவிடும். காத்தோங் அழகு, கடற்கரைப் பூங்கா பக்கம்; பத்து நாள் தங்குகிறவர்களுக்குப் பொருந்தும். கேலாங்கில் அறை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதன் சில சந்துகளில் நடக்கும் தொழில். குடும்பத்தோடு வேண்டாம்.

விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் போவதானால் ஒரு விஷயம். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்குக் காரில் தனி இருக்கை வேண்டும் என்பது சட்டம். டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் வரும் தனியார் காருக்கு இல்லை. குழந்தை இருக்கை உள்ள வண்டியைக் கேட்டுப் பதிவுசெய்யாவிட்டால் ஓட்டுநர் ஏற்றமாட்டார். நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை டாக்சியில் மீட்டர் தொகைக்கு மேல் பாதி கூடுதல். ரயில் என்றால் சாங்கியிலிருந்து எக்ஸ்போ போய் நீல ரயிலுக்கு மாறினால் போதும், பூகிஸும் லிட்டில் இந்தியாவும் நேர்வழி. 0.9 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைக்குப் பயணச்சீட்டு வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து ராத்திரி விமானத்தில் வருகிறவர்கள் விடிகாலையில் இறங்குவார்கள், அறையோ மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். முந்தின இரவுக்கும் சேர்த்துப் பதிவுசெய்தால் நேரே போய்ப் படுக்கலாம். காசு மிச்சம் வேண்டும் என்றால் பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டுத் தாவரவியல் தோட்டத்திலுள்ள ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டத்துக்குப் போங்கள். காலை எட்டு மணிக்குத் திறக்கும், அனுமதி இலவசம். நீரில் விளையாடும் இடம் உண்டு என்பதால் மாற்றுத் துணியைப் பெட்டியில் பூட்டிவிடாதீர்கள். திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும்.