500 கி.மீ. உயரமா, 300 கி.மீ. உயரமா? ஒரு சின்ன செயற்கைக்கோளுக்கு இடம் பார்த்த கணக்கு

சின்ன செயற்கைக்கோள் என்றாலே 500 கி.மீ. உயரம் என்பது எழுதப்படாத வழக்கம். பல கலங்களைச் சேர்த்து ஏற்றிச் செல்லும் ராக்கெட்டுகள் பெரும்பாலும் அந்த மட்டத்தில்தான் இறக்கிவிடுகின்றன. உதிரிப் பாகங்களும் அதை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. 12 யூனிட் கியூப்சாட்டில் (10 செ.மீ. கனசதுரங்களை அலகாக வைத்து அளக்கும் பெட்டி வடிவச் சின்னக் கலம்) கேமரா வைத்து நிலத்தைப் படம் எடுக்கும் எங்கள் திட்டத்துக்கு நாங்கள் 300-ஐத் தேர்ந்தெடுத்தோம். கலம் இன்னும் பறக்கவில்லை. அதனால் கீழே வருவதெல்லாம் வடிவமைப்பு மேசைக் கணக்கு, என் சாய்வும் அதில் கலந்தே இருக்கும்.

தாழப் பறப்பதன் லாபம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 17 செ.மீ. அகலக் கேமராக் கண்ணாடி 500 கி.மீ.யில் இருந்து சுமார் 2 மீட்டர் நுணுக்கம்தான் தரும், அதாவது அதைவிட நெருங்கி இருப்பவற்றைப் பிரித்துக் காட்டாது. 300-இல் அதே கண்ணாடி 1.2 மீட்டருக்கு வந்துவிடும். அதே நுணுக்கத்தை மேலிருந்து எடுக்க 28 செ.மீ. கண்ணாடி வேண்டும், அது 12 யூனிட் பெட்டிக்குள் நுழையாது. ரேடியோ சிக்னலும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வலுவாகும். நஷ்டமும் உண்டு: ஒரே பார்வையில் படும் நிலப்பரப்பு குறையும், தரைநிலையத்துக்கு மேல் கலம் தெரியும் நேரமும் சுருங்கும்.

சரி, இதையெல்லாம் விட்டுவிடலாம். முடிவைத் தீர்மானித்தது இழுவை, அதாவது அந்த உயரத்திலும் மிச்சமிருக்கும் மெல்லிய காற்று கலத்தைப் பின்னுக்கு இழுப்பது. 500-இல் காற்றின் தொல்லையைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் சில ஆண்டுகள் ஓட்டிவிடலாம். 300-இல் அது தினசரிச் செலவு. உந்துபொறி இல்லாத 20 கிலோ கலம் அங்கே சில வாரங்கள்தான் தாங்கும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கோச்சே (GOCE) செயற்கைக்கோள் 2009 முதல் சுமார் 255 கி.மீ. உயரத்தில், பிறகு 224 வரைகூட இறங்கி, அயனி உந்துபொறியின் (வாயுவை மின்சாரத்தால் வேகமாக வெளியே தள்ளும் பொறி) தயவில் பறந்தது. 2013 அக்டோபரில் அந்தப் பொறிக்கான செனான் வாயு தீர்ந்தது. மூன்றே வாரத்தில் கலம் விழுந்துவிட்டது. அது ஒரு டன் எடையுள்ள, ஒல்லியான கலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் கலத்துக்கு 300 கி.மீ.யில், சூரியன் சுமாரான நிலையில் இருக்கும்போது, இழுவை ஏறக்குறைய 0.1 மில்லி நியூட்டன் வருகிறது. வருடத்துக்கு 200 கிராம் செனான் போதும், அது பெரிய விஷயமே இல்லை. இடிப்பது மின்சாரம். இந்த இழுவையை ஈடுகட்ட மட்டுமே உந்துபொறிக்குச் சராசரியாக 8 வாட் வரை போகிறது. மின்சாரம் வேண்டுமென்று பேனலை விரித்தால் அதுவே காற்றில் மோதி இழுவையைக் கூட்டும். இழுவை கூடினால் மறுபடியும் மின்சாரம் வேண்டும். இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, பேனலின் விளிம்பு மட்டும் காற்றைப் பார்க்கும்படி வைப்பது.

கோச்சே இதை அழகாகத் தீர்த்தது. பகலும் இரவும் சந்திக்கும் கோட்டின் மேலேயே சுற்றும் பாதை என்பதால், பக்கவாட்டில் நிலையாகப் பொருத்திய பேனல்கள் சூரியனைப் பார்த்தபடியே இருந்தன, காற்றுக்கு விளிம்பை மட்டும் காட்டின. ரேடார் வைப்பவர்கள் யோசிக்காமல் அதைப் பின்பற்றலாம். கேமராவுக்கு அது ஆகாது. அந்தி வெளிச்சத்தில் நிழல்கள் நீண்டு படம் கெட்டுவிடும். அதனால் நாங்கள் காலை 10.30 மணிப் பாதைக்கு (கீழே உள்ள இடத்தில் எப்போதும் காலை சுமார் 10.30 ஆக இருக்கும்போது கடக்கும் பாதை) வந்து, பேனலை வானம் பார்க்கக் கிடையாக வைத்தோம். விலை என்னவென்றால், 60 வாட் பேனலில் இருந்து சுற்றுச் சராசரியாகக் கிடைப்பது 18 வாட்தான். உந்துபொறிக்கு 8 போனால் மிச்சம் இருக்கும் 10 வாட்டில் கேமரா, கணினி, ரேடியோ எல்லாம் குடித்தனம் நடத்த வேண்டும்.

சூரியன் சீறும் ஆண்டுகளில் மேல் வளிமண்டலம் சூடேறி உப்பும், இந்தக் கணக்கு உடையும். காற்றின் அடர்த்தி இரண்டு மடங்கானால் கிட்டத்தட்ட மொத்த மின்சாரமும் உந்துபொறிக்கே போய்விடும். 2022 பிப்ரவரியில் 210 கி.மீ.யில் இறக்கப்பட்ட 49 ஸ்டார்லிங்க் இணையச் சேவைக் கலங்களில் பெரும்பாலானவை, சூரியன் கிளப்பிய ஒரு காந்தப்புயலில் காற்று அடர்த்தியாகிப் பலியானது இந்தத் துறையில் எல்லோருக்கும் பாடம். எங்கள் ஏற்பாடு, அப்படிப்பட்ட காலத்தில் 340-க்கு ஏறிவிடுவது. 40 கி.மீ. ஏறினாலே இழுவை பாதியைவிடக் குறைந்துவிடுகிறது, நுணுக்கம் 1.35 மீட்டர் ஆகிறது. அது எங்களுக்குச் சம்மதம்.

அணு ஆக்சிஜனும் (ஜோடி சேராத தனி ஆக்சிஜன் அணுக்கள், எதையும் அரிக்கும்) 300-இல் அதிகம். பூச்சில்லாத கேப்டான் என்ற பிளாஸ்டிக் படலத்தை முன்பக்கத்தில் விட்டால் வருடம் முடிவதற்குள் அரித்துத் தின்றுவிடும், சோலார் செல்களை இணைக்கும் வெள்ளியையும் விடாது. முகப்பு முழுக்க சிலிக்கா பூச்சு போட்டிருக்கிறோம். எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு ஆய்வுக்கூடச் சோதனைதான் ஆதாரம், அதை முழுசாக நம்பிவிட மாட்டேன்.

500-க்காகவும் ஒரு வார்த்தை. கேமரா இல்லாமல், தரையில் உள்ள சென்சார்களின் சிறு செய்திகளைச் சேகரிக்கும் வேலை என்றால் அங்கேயே இருங்கள். உந்துபொறி வேண்டாம், பார்வைப் பரப்பும் அதிகம். ஆனால் செத்த கலம் அங்கே சில ஆண்டுகள் குப்பையாகச் சுற்றும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 300-இல் அந்தக் கவலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும்.

எங்களையும் ராக்கெட் 500-இல்தான் இறக்கிவிடும். அங்கிருந்து இறங்க 150 கிராம் செனான் கூடுதலாகச் செலவாகும். முதலில் இது தண்டச் செலவு என்றுதான் பட்டது. அப்புறம் அதையே சோதனைக் காலமாக மாற்றிக்கொண்டோம்: உந்துபொறி மேலேயே நன்றாக ஓடிக் காட்டினால்தான் கீழே வருவோம். மக்கர் செய்தால் 500-இலேயே நின்று 2 மீட்டர் படம் எடுப்போம்.