மட்டன் தெருவில் ஒரு பழைய கண்ணாடிக் கடை

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் உருகிய கண்ணாடியை அச்சில் அழுத்திச் செய்த பழைய ஐரோப்பியப் பாத்திரங்கள் விற்கும் சிறு கடை ஒன்றுக்கு, மாட்டுங்காவிலிருந்து இரண்டு ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். எந்தப் பாத்திரத்தையும் எடுத்து, வாசல் வெளிச்சத்தில் வேண்டிய மட்டும் திருப்பிப் பார்க்கக் கடைக்காரர் அனுமதிக்கிறார். அந்த ஒன்றுக்காகவே இக்கடையைப் பரிந்துரைக்கிறேன்.

அவர் ஒட்டியிருக்கும் சீட்டுகளை மட்டும் நம்ப வேண்டாம். கனமாக இருப்பதெல்லாம் அவருக்குப் ‘பெல்ஜியம்’தான். அப்படிச் சீட்டு ஒட்டியிருந்த பால்வெள்ளைச் சர்க்கரைக் கிண்ணம் ஒன்றின் அடியில் சின்னஞ்சிறு மயில் தலை புடைத்திருந்தது. அது இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரத்துச் சோவர்பி நிறுவனம் 1876இல் பதிவு செய்த முத்திரை. அதே ஊர் டேவிட்சன் நிறுவனத்தின் முத்திரை, கோட்டை மதிலிலிருந்து எழும் சிங்கம். இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரத்துக் கிரீனர் நிறுவனமும் சிங்கத்தையே பொறித்தது. அந்தச் சிங்கம் முதலில் விண்மீனையும் பின்னாளில் கோடரியையும் ஏந்தியது. ஆகவே சிங்கத்தைக் கண்டதும் முடிவு கட்டாமல், அது எதைப் பிடித்திருக்கிறது என்று உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும்.

சாய்சதுர முத்திரை இருந்தால் அந்த வடிவம் 1842க்கும் 1883க்கும் இடையில் பிரிட்டனில் பதிவானது என்று பொருள். அதன் உச்சியில் உள்ள ரோமானிய எண் மூன்று (III), பொருள் கண்ணாடி என்பதைக் குறிக்கும். 1884 முதல் ‘ஆர்.டி.’ (Rd, ‘பதிவானது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகளோடு தொடர் எண் வந்தது. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். எண் காட்டுவது பதிவு செய்தவரைத்தான், வார்த்தவரை அல்ல. நான் இக்கடையில் வாங்கிய ‘ஜேக்கோபியன்’ என்ற வடிவத் தட்டின் 702446 என்ற எண், லண்டன் விற்பனை நிறுவனமான கிளேட்டன் மேயர்ஸுக்கு உரியது. ஆனால் அவ்வகைப் பாத்திரங்களை முதலில் வார்த்தது பொஹிமியாவின் (இன்றைய செக் குடியரசு) இன்வால்ட் ஆலை, பின்னர் டேவிட்சன்.

முத்திரையே இல்லாதவற்றுக்குப் பழைய ஆலைப் பட்டியல்களின் படங்களே துணை. அங்கும் நிதானம் வேண்டும். ஜெர்மனியின் பிராக்விட்ஸ் ஆலை வடிவங்கள் சில, ஸ்வீடனின் ஏடா ஆலையிலும் வார்க்கப்பட்டிருக்கின்றன. கடைக்காரர் பெருமையோடு அடிக்கும் புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிர்வது, கண்ணாடியில் யுரேனியம் கலந்திருப்பதைச் சொல்லுமே தவிர, ஆலையின் பெயரைச் சொல்லாது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். விளிம்பு சிதைந்த கிண்ணங்களை அரைத்துச் சமமாக்கி, முழுமையானவற்றின் விலைக்கே வைத்திருக்கிறார். விளிம்பை விரலால் தடவிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். பொருளைச் செய்தித்தாளில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றித் தருவதால், தடித்த துணி ஒன்றையும் கொண்டு செல்லுங்கள்.