அரிச்சுவடி வரிசையா, சொல்வழிப் பாடமா?

தமிழ் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு நாம் இரண்டு வழிகளில் உதவலாம். ஒன்று, 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளையும் நெடுங்கணக்கு வரிசையில் மனப்பாடம் செய்யவைத்து, அதன் பிறகே சொற்களுக்குப் போவது. மற்றொன்று, வடிவில் எளிய சில எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் வாரத்திலேயே சொற்களைப் படிக்கவைப்பது.

விஜயதசமியன்று நெல்லில் ‘அ’ எழுதித் தொடங்கிய நமக்கு முதல் வழியே இயல்பாகத் தோன்றும். ஆனால் சுழியும் வளைவும் கோடும் சேர்ந்த ‘அ’, பிஞ்சு விரல்களுக்கு மிகக் கடினமான எழுத்துகளில் ஒன்று. மேலும், உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் கற்று முடித்த பிள்ளையால் ஆ, ஈ போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர வேறெதையும் படிக்க முடியாது. மாறாக, நேர்கோடுகளால் ஆன ‘ட’, ‘ப’ இரண்டையும் ‘ம’வையும் புள்ளியையும் கற்றுக்கொண்டால் படம், பட்டம், மடம், மட்டம், பப்படம் எனச் சொற்கள் வரிசையாக வந்துவிடும். தானே ஒரு சொல்லைப் படித்துவிட்டோம் என்று பிள்ளை மகிழ்வதை, ஓராண்டு ஒப்பித்தலுக்குப் பின்னால் தள்ளிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒலிப்பில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ‘க, கா, கி, கீ’ வரிசையைத் தடங்கலின்றி ஒப்பிப்பாள். ‘தங்கம்’ என்ற சொல்லைக் காட்டியபோது ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை வைத்து, ‘க’வை ‘கடல்’ என்பதன் முதலெழுத்தைப் போலவே வல்லோசையுடன் உச்சரித்தாள். அத்தையின் பெயரும் அதுவே என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. கடல், தங்கம், மகன் ஆகிய மூன்றிலும் ‘க’ ஒரே வடிவில் இருந்தாலும் அதன் ஓசை மூன்று விதமாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை எழுத்து அட்டவணை கற்பிக்காது. பிள்ளை காதால் ஏற்கெனவே அறிந்த சொல்லே கற்பிக்கும்.

ஆயினும் வரிசை முறையை முற்றிலும் கைவிட்டுவிடக் கூடாது. ஆகாரத்துக்குத் துணைக்காலும் எகரத்துக்கு ஒற்றைக் கொம்பும் வருவதைப் போல, ஒரு குறியை அறிந்தால் பதினெட்டு எழுத்துகளைப் படிக்கலாம் என்ற ஒழுங்கு, வரிசையாகப் பார்க்கும்போதுதான் தெளிவாகப் புலப்படும். கு, சு, டு, து, மு என உகர, ஊகார எழுத்துகள் 36 மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்காதவை. இவற்றுக்குப் பொறுமையான பயிற்சி தேவை. எனவே ஐம்பது, அறுபது சொற்களைப் படிக்கத் தெரிந்த பிறகு அட்டவணையைச் சுவரில் ஒட்டுவதே நல்லது. வீட்டில் தாத்தா பாட்டி சொல்லிக்கொடுப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னா’ வடிவங்கள் அவர்கள் கையெழுத்தில் இன்றும் வரக்கூடும்; பாடநூலில் உள்ள வடிவத்தையே எழுதிக்காட்டச் சொல்லலாம்.

எழுதப் பழக்குவதிலும் இதே போன்ற கேள்வி எழுகிறது. ஒரே வரியைப் பத்து முறை பார்த்து எழுதினால் கையெழுத்து திருந்தும். பொருள் மனத்தில் நிற்காது. பிள்ளை சொல்லும் ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதச் சொல்வதில் பிழைகள் வரும். ‘வாழப்பழம் வேணும்’ என்று பேசுவதைப் போலவே எழுதினால், அடித்துத் திருத்தாமல் கீழே ‘வாழைப்பழம் வேண்டும்’ என்று எழுதி, இரண்டையும் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். இதற்கு நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும்.